எம்.சி. ரோட்டுப் பத்தடி: பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கடைத்தெருச் சீரமைப்பு, நிகழ்வு ஆய்வு

வடசென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவில் என் அப்பா துணிக்கடை வைத்திருந்தார். நைட்டி, உள்பாவாடை, லுங்கி, பள்ளிச் சீருடை. கடை வாசலில் பத்தடி நீளத்துக்குப் பிளாட்பாரம் இருந்தது. நான் படித்துவிட்டுச் சாலைப் பணிகளில் வேலைக்குப் போன சில வருடங்களில் அந்தத் தெருவுக்குப் புதுப் பிளாட்பாரம் வந்தது. சாம்பலும் சிவப்புமாகப் பேவர் பிளாக், ஓரத்தில் புதுக் கல், பார்க்க நன்றாகவே இருந்தது. அப்பா போனில் சொன்னபோது அவர் குரலில் பெருமை இருந்தது. எங்கள் பக்கத்துக்கு அப்படிப்பட்ட வேலை வருவது அபூர்வம்.

அந்த வருட ஐப்பசி மழையில் கடைக்குள் தண்ணீர் வந்தது. தீபாவளிக்கு இறக்கி வைத்திருந்த சரக்கில் கீழ் அடுக்கு முழுக்க நனைந்துவிட்டது.

காரணம் எளிது. புதுப் பிளாட்பாரத்தின் மேல்மட்டம் எங்கள் கடை வாசற்படியைவிட உயரம். பிளாட்பாரத்தில் விழுந்த மழை ரோட்டுப் பக்கம் வழிவதற்குப் பதிலாகக் கடைப் பக்கம் வழிந்தது. அப்பா என்ன செய்வார்? வாசலை உயர்த்தி இரண்டு படி கட்டினார். பக்கத்துக் கடைக்காரர்களும் கட்டினார்கள். படிகள் பிளாட்பாரத்துக்குள் நீட்டிக்கொண்டு நின்றன. அடுத்த வருடம் ஆக்கிரமிப்பு அகற்ற வந்தவர்கள் முதலில் அந்தப் படிகளைத்தான் இடித்தார்கள். இடித்த பிறகு மறுபடி மழை, மறுபடி தண்ணீர்.

ஒப்பந்ததாரர் மேல் மட்டும் பழியைப் போட்டு இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்குக் கொடுத்த வரைபடத்தில் இருந்ததைத்தான் அவர் கட்டினார். அந்த வரைபடத்தில் கடைகளின் வாசல் மட்டம் குறிக்கப்படவே இல்லை. பிளாட்பாரத்தைக் காலையில் யார், மாலையில் யார் பயன்படுத்துகிறார்கள் என்பதும் இல்லை. ஒரு கடைத்தெருவைச் சீர்படுத்தும்போது அடியில் இருப்பதையும் ஓரத்தில் இருப்பதையும் அந்தத் தெருவின் பொழுதையும் அளக்காமல் மேலே கல் பதித்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பத்தடியே போதுமான உதாரணம். அதை வைத்துத்தான் இந்த ஆய்வை எழுதுகிறேன்.

தெரு எப்படி வந்தது

வண்ணாரப்பேட்டை என்ற பெயரிலேயே துணி இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியேறிய இடம் இது. வடக்கே கொஞ்சம் போனால் காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர். காலெட்பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டையானது. மெட்ரோ ஸ்டேஷனுக்கும் இன்று அதே பெயர்தான். நெய்தவர்கள், வெளுத்தவர்கள், கப்பலில் ஏற்றியவர்கள் எல்லாரும் ஒரு சில மைலுக்குள் இருந்த பகுதி. இன்று கல்யாணத்துக்கும் ஆடிக்கும் தீபாவளிக்கும் வடசென்னை துணி எடுக்க எம்.சி. ரோட்டுக்கு வருகிறது என்றால் அது தற்செயல் இல்லை.

இந்தப் பக்கத்துத் தெருக்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. பல தெருக்கள் தண்ணீரோடு சண்டை போட்டுத்தான் தெருவாகின. இன்றைய பிராட்வே, அதாவது பிரகாசம் சாலை, ஒரு காலத்தில் முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் இடையில் இருந்த பள்ளம். ஸ்டீபன் பாப்ஹாம் என்ற ஆங்கிலேயர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைச் சீர்செய்து தெருவாக்கினார். அதனால்தான் பழைய பத்திரங்களில் பாப்ஹாம்ஸ் பிராட்வே என்று வரும். பள்ளத்தை மூடினாலும் தண்ணீர் தன் வழியை மறப்பதில்லை. பெருமழை நாளில் ஜார்ஜ் டவுன் சந்துகளில் நடந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

வடசென்னை கிட்டத்தட்டத் தட்டையான நிலம். கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே, அவ்வளவுதான். மழைநீர் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் ஓட்டேரி நல்லா ஓடைக்கும் கேப்டன் காட்டன் கால்வாய்க்கும் போய்ச் சேர வேண்டும். சரிவு குறைவாக இருக்கும் ஊரில் ஒரு கையளவு உயரம் கூட முடிவை மாற்றிவிடும். தென்சென்னையின் மேட்டுப் பகுதியில் ஒரு தெருவைப் போடும்போது மன்னிக்கப்படும் பிழை இங்கே மன்னிக்கப்படாது.

எங்கே இருக்கிறோம்

2011-ல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் உள்ளே வந்தன. நகரம் வளர வளர, பழைய மையத்தில் இருந்த சந்தைகள் ஒவ்வொன்றாக வெளியே போயின. கொத்தவால்சாவடிக் காய்கறி மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனது. பிராட்வேயிலிருந்து கிளம்பிய வெளியூர்ப் பேருந்துகள் 2002-ல் போயின. போன பிறகும் பழைய நகரம் காலியாகவில்லை. அந்தந்தத் தெருவுக்கு அந்தந்தச் சரக்கு என்ற கணக்கு அப்படியே நிற்கிறது. கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் பேப்பர், நைனியப்ப நாயக்கன் தெருவில் மருந்தும் கெமிக்கலும், பத்ரியன் தெருவில் பூ.

2019 பிப்ரவரியில் மெட்ரோ வண்ணாரப்பேட்டை வரை வந்தது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டது. அந்த இடைப்பட்ட வருடங்களில் டி.எச். ரோட்டு (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) கடைக்காரர்கள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தகரத் தடுப்புக்குப் பின்னால் கடை இருப்பதே வாடிக்கையாளருக்குத் தெரியாது. ஆனால் ரயில் வந்த பிறகு எங்கள் பகுதிக்கு ஒரு மாற்றம் உறுதியாகத் தெரிந்தது: திருவொற்றியூரிலிருந்தும் தெற்கே இருந்தும் துணி எடுக்க வருபவர்கள் வண்டி இல்லாமல் வரத் தொடங்கினார்கள். கையில் பையோடு நடந்து வருபவருக்கு நடக்க இடம் வேண்டும்.

அதே சமயத்தில் 2019 நவம்பரில் தி.நகர் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து எம்.சி. ரோட்டையும் அதைப் போல ஆக்க வேண்டும் என்ற பேச்சு எங்கள் பக்கம் ஓயவில்லை. 2024 மார்ச்சில் தங்கசாலையில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டபோது, 4,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று அறிவித்தார்கள். பிராட்வே பேருந்து நிலையத்தையும் குறளகத்தையும் சேர்த்து 800 கோடிக்கு மேல் செலவில் ஒருங்கிணைந்த போக்குவரத்து வளாகமாகக் கட்டும் திட்டமும் உண்டு. பல வருடங்கள் பார்க்கப்படாத பகுதிக்குப் பணம் வருகிறது. எனக்கு அதில் மனப்பூர்வமான சந்தோஷம். அதனால்தான் அந்தப் பணம் என் அப்பாவின் கடை வாசலில் ஆனதைப் போல ஆகிவிடக் கூடாது என்று பயப்படுகிறேன்.

பத்தடியின் ஒரு நாள்

அப்பா கடையையே மூடிவிட்ட பிறகு, போன வருடம் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, நானும் உடன் வேலை செய்யும் இரண்டு நண்பர்களும் அந்தப் பத்தடியைக் காலையிலிருந்து இரவு வரை முறை வைத்து உட்கார்ந்து பார்த்தோம். டேப்பும் நோட்டுப் புத்தகமும் கையில். முதல் நாளே ஒரு அக்கா கேட்டார்கள்: "இன்னா தம்பி, பிளாட்பாரத்த அளக்குற? மறுபடி ஒடைக்கப் போறாங்களா?"

அந்த அக்காதான் விடியற்காலையில் அந்த இடத்துக்குச் சொந்தக்காரர். இட்லி, வடகறி, சில நாள் ஆப்பம். அடுப்பை இறக்கி வைக்க மூன்றடி, வாடிக்கையாளர் நின்று சாப்பிட மீதி. கடைகளின் ஷட்டர் திறப்பதற்குள் கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவார். அவரிடம் சாப்பிடுபவர்களில் பாதிப் பேர் லோடு மேன்கள்.

ஷட்டர் திறந்ததும் அந்த இடம் லோடு மேன்களுடையது. பெரிய லாரிகளுக்குப் பகலில் கட்டுப்பாடு இருப்பதால் பேல்கள், அதாவது துணிப் பொதிகள், இரவே லாரி புக்கிங் ஆபீசுக்கு வந்துவிடும். அங்கிருந்து குட்டி யானை வேனிலும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியிலும் தெருவுக்கு வரும். ஒரு பேல் இறங்கும்போது பிளாட்பாரம் முழுக்கத் தேவைப்படும். பிரித்து, எண்ணி, உள்ளே போன பிறகு சாக்கும் பிளாஸ்டிக் கயிறும் ஒரு ஓரமாகக் குவியும். மத்தியானத்துக்குள் அதையும் பழைய சாமான்காரர் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

மூன்று மணிக்கு மேல் ஒரு அண்ணன் இரும்புக் கட்டிலைக் கொண்டுவந்து போடுவார். குழந்தைகளுக்கான ஜட்டி, பனியன், கர்ச்சீப். அப்பா காலத்தில் இவர் எங்கள் வியாபாரத்தைக் கெடுக்கிறார் என்று நான் சின்ன வயதில் கோபப்பட்டிருக்கிறேன். அப்பா ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. கட்டிலில் பத்து ரூபாய்க்குக் கர்ச்சீப் பார்க்க நிற்கிற பெண், அப்படியே தலையைத் தூக்கி எங்கள் கடை நைட்டியைப் பார்ப்பாள். அந்தக் கணக்கு அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. மழை வந்தால் அந்த அண்ணனின் சரக்கு எங்கள் கடைக்குள்தான் ஒதுங்கும்.

மாலை ஏழு மணிக்கு அந்தத் தெருவில் தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. பிளாட்பாரத்தில் கட்டில் இருக்கிறது, ரோட்டில் இரு சக்கர வண்டிகள் நிற்கின்றன, நடுவில் மக்கள். ஊன்றுகோல் வைத்து வந்த ஒரு பெரியவர் பத்தடியைக் கடக்க மூன்று முறை ரோட்டுக்கு இறங்கி ஏறியதை நோட்டில் எழுதி வைத்தேன். புதுப் பிளாட்பாரத்தின் ஓரம் கிட்டத்தட்ட ஒரு அடி உயரம். ஒவ்வொரு முறையும் அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

இரவு பத்தரைக்குக் கட்டில் மடங்கும். துப்புரவுப் பணியாளர்கள் வருவார்கள். அப்புறம் ஒரு லோடு மேன் அட்டையை விரித்து அங்கேயே படுத்துக்கொள்வார். வெளியூர்க்காரர், வாடகை மிச்சம்.

வரைபடத்தில் இந்த இடத்துக்கு ஒரே பெயர்: நடைபாதை. அதை ஆக்கிரமிப்பு என்று சொன்னாலும் சரி, ஆக்கிரமிப்பு இல்லாத இடம் என்று சொன்னாலும் சரி, ஒரு நாளின் ஏதோ ஒரு மணி நேரத்தை மட்டும் பார்த்துச் சொல்வதாகத்தான் இருக்கும். எங்கள் தெருவில் ஆய்வுக்கு வந்தவர்கள் எப்போதும் காலை பதினொரு மணிக்கு வருவார்கள். அப்போது பேல் இறங்கும் நேரம். அதனால் இது சரக்கு இறக்கும் தெரு என்று முடிவு செய்தார்களா, அல்லது எதையுமே பார்க்கவில்லையா என்று தெரியாது. மாலை ஏழு மணிக்கு யாரும் அளக்கவில்லை என்பது மட்டும் கட்டி முடித்ததில் தெரிகிறது.

அடியில் என்ன இருந்தது

பிளாட்பாரம் ஏன் அவ்வளவு உயரம் போனது என்பதை நான் தொழில்ரீதியாகத் தோண்டிப் பார்த்தேன். சென்னையில் மழைநீர் வடிகால் பெரும்பாலும் பிளாட்பாரத்துக்கு அடியில்தான் போகிறது. வடிகாலின் மூடிக் கல்தான் நடைபாதையின் தளம். ஆகவே வடிகாலின் மேல் விளிம்பு எங்கே நிற்கிறதோ அங்கேதான் நடைபாதை. பழைய தெருவில் ஆழமாகத் தோண்டவும் வழியில்லை. கீழே குடிநீர்க் குழாய், அதற்கும் கீழே பாதாளச் சாக்கடை, குறுக்கே வீட்டு இணைப்புகள், நடுவில் மின்கேபிள். இந்தப் பக்கத்தில் சில குழாய்கள் நூற்றாண்டு பழையவை. எந்தக் குழாய் எந்த ஆழத்தில் போகிறது என்ற நம்பகமான வரைபடம் வேலை செய்பவர் கையில் இருக்காது. கடப்பாரை முட்டினால்தான் தெரியும். முட்டிய இடத்தில் வடிகாலை மேலே தூக்கிவிடுவார்கள். மேலே தூக்கியது நடைபாதையைத் தூக்கும். நடைபாதை தூக்கியது கடை வாசலை மூழ்கடிக்கும்.

இன்னொரு பக்கம் ரோடும் வருடக்கணக்கில் வளர்ந்திருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போட்டால் ஒவ்வொரு முறையும் ரோடு சில அங்குலம் ஏறும். 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய அடுக்கைச் சுரண்டிய பிறகே புது அடுக்குப் போட வேண்டும், வீடுகளின் மட்டத்துக்கு மேல் சாலை போகக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். அன்று எங்கள் தெருவில் பலருக்கு அந்தச் செய்தியின் அருமை புரிந்திருக்கும். ஏனென்றால் எங்கள் பகுதியில் முன்பு மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டும்.

இந்திய சாலைக் காங்கிரசின் நடைபாதை விதி (ஐ.ஆர்.சி. 103, 2012 பதிப்பு) ஓரக் கல்லின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. அரை அடி. நடப்பதற்குத் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்கும் அளவு. கடை முகப்பை ஒட்டி நின்று பார்ப்பவர்களுக்கு அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை தனியாக விட வேண்டும். எங்கள் பத்தடியில் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. மின்வாரியத்தின் கேபிள் பெட்டியான ஈபி பில்லர் பாக்ஸ் மட்டுமே பாதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு தெருவின் மேல் எத்தனை அலுவலகங்களுக்குக் கை இருக்கிறது என்று பொதுமக்கள் அறிவதில்லை. ரோடும் வடிகாலும் தெருவிளக்கும் மாநகராட்சி. குடிநீரும் சாக்கடையும் மெட்ரோ வாட்டர். கேபிள் மின்வாரியம். வண்டி எங்கே நிற்கலாம் என்பது போக்குவரத்துப் போலீஸ். பெரிய திட்டம் என்றால் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. புதுப் பிளாட்பாரம் போட்ட ஆறாவது மாதம் குழாய்க்காக அதையே உடைப்பது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் நடப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனி நிதி ஒதுக்கீடு, தனித்தனி டெண்டர். அந்தத் தேதிகளை யாரும் ஒரே காலண்டரில் ஒட்டிப் பார்ப்பதில்லை.

கட்டில் போடும் அண்ணனின் சட்டம்

தெருவோர வியாபாரிகளைப் பற்றி எழுதும்போது இரக்கத்தில் நிறுத்திவிடுவது வழக்கம். அவர்களுக்கு இருப்பது சட்டம். 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் சொல்வது தெளிவாக இருக்கிறது: கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்ற வேண்டுமானால் 30 நாள் நோட்டீஸ். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இன்னும் ஒன்று, எங்கள் பகுதிக்கு மிக முக்கியமானது: 50 வருடத்துக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருக்கும் வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது.

எம்.சி. ரோட்டு ஓரக் கடைகளுக்கு 50 வருடம் ஆகிவிட்டதா என்று யாராவது எங்கள் தெருப் பெரியவர்களைக் கேட்டிருக்கிறார்களா? கட்டில் அண்ணனின் அம்மா அதே இடத்தில் கூடை வைத்து விற்றவர். அவரிடம் அதற்கான காகிதம் எதுவும் இல்லை, பழைய தண்டல் கணக்கு நோட்டு ஒன்றைத் தவிர. அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். சான்றாக ஏற்பார்களா என்று கேட்டார். ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் அதே சமயம் ஊன்றுகோல் பெரியவரும் இருக்கிறார். அவருக்கும் உரிமை உண்டு, 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவருக்காகவும்தான். இரண்டு பேரையும் ஒரே பத்தடிக்குள் வைத்துப் பார்க்கும்போதுதான் வடிவமைப்பு என்ற வேலையே தொடங்குகிறது. கட்டிலை முழுக்க எடுத்துவிடு என்பதும், அப்படியே விட்டுவிடு என்பதும் வடிவமைப்பவர் தன் வேலையைச் செய்யாமல் விடுவதற்குச் சமம்.

பாண்டி பஜார் இங்கே பொருந்துமா

பாண்டி பஜாரை நான் பலமுறை நடந்து பார்த்திருக்கிறேன். அகலமான நடைபாதை, உட்கார இடம், மரங்கள் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. சாயங்காலம் குழந்தைகள் விளையாடுகிறார்கள். சென்னையில் இப்படி ஒன்று முடியும் என்று காட்டியதற்கு அதற்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அங்கே இருந்த சூழ்நிலை வேறு. தெருவின் அகலம் வேறு. ஓர வியாபாரிகள் பலர் 2013-லேயே தனி வளாகத்துக்கு மாற்றப்பட்டுவிட்டார்கள், எனவே 2019-ல் கல் பதிக்கும்போது நடைபாதை ஏறக்குறையக் காலியாக இருந்தது. மரம் ஏற்கெனவே இருந்தது. எம்.சி. ரோட்டில் நிழல் என்பது கடைக்காரர்கள் கட்டும் தார்ப்பாய்தான். தார்ப்பாயை அவிழ்த்துவிட்டுக் கிரானைட் பெஞ்சு போட்டால் சித்திரை மாதத்தில் அதில் யாரும் உட்கார முடியாது.

பாண்டி பஜாருக்கு வருபவர் பெரும்பாலும் சில்லறை வாடிக்கையாளர். எங்கள் தெருவில் சில்லறையும் மொத்தமும் கலந்தே நடக்கும். எண்ணூரிலிருந்தும் பொன்னேரியிலிருந்தும் வரும் சிறு கடைக்காரர் ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போவார். அந்த மூட்டை போகும் வழியையும் நடைபாதைதான் கொடுக்க வேண்டும். வண்டிகள் ஏறாமலிருக்க நெருக்கமாகத் தடுப்புத் தூண் நட்டால், மூட்டையும் சக்கர நாற்காலியும் சேர்ந்தே நின்றுவிடும்.

சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் என்றது, சாலை நிதியில் 60 சதவீதத்தை அதற்கு ஒதுக்க வேண்டும் என்றது. கொள்கையில் குறை இல்லை. ஆனால் அதை எழுதியவர்கள் மனதில் இருந்த நடப்பவர் கையை வீசி நடப்பவர். வடசென்னையில் நடப்பவர் தலையில் சுமையோடு நடக்கிறார்.

என்ன வரிசையில் செய்யலாம்

முதலில் சோதனைக் குழிகள். ஒவ்வொரு சில பத்து மீட்டருக்கும் குறுக்கே ஒரு சின்னப் பள்ளம் தோண்டி, எது எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்துப் படம் எடுத்து மூட வேண்டும். இதற்கு ஆகும் செலவு மொத்த வேலையில் மிகச் சிறியது. இதைச் செய்யாமல் எழுதும் எஸ்டிமேட் ஊகம்தான்.

அப்புறம் வாசல் மட்டம். ஒவ்வொரு கடையின், வீட்டின் வாசற்படி மட்டத்தையும் லெவல் எந்திரம் வைத்து எடுத்து, தெருவில் இருக்கும் மிகத் தாழ்ந்த வாசலை வைத்து நடைபாதை மட்டத்தை முடிவு செய்ய வேண்டும். ரோட்டைச் சுரண்டிக் கீழே இறக்கினால்தான் இது முடியும். வடிகால் ஆழம் போதவில்லை என்றால் அகலமாக்கலாம், உயர்த்தக் கூடாது. குறுகலான சந்துகளில் ஓரக் கல்லே வேண்டாம் என்பது என் எண்ணம். ரோடும் நடைபாதையும் ஒரே மட்டம், நடுவை நோக்கி மெல்லிய சரிவு, நடுவில் மூடிய வாய்க்கால். பழைய ஊர்ச் சந்துகள் பல அப்படித்தான் இருந்தன. தண்ணீர் வாசலை விட்டு விலகி ஓடும், பெரியவர் ஏறி இறங்க வேண்டாம், மீன்பாடி வண்டியும் சாயாது. சரிவான பாதை தேவைப்படும் இடங்களில் பன்னிரண்டுக்கு ஒன்று, அதாவது பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு அடி ஏற்றம், என்ற அளவு போதும். அதைவிடச் செங்குத்தாகப் போட்ட சரிவுகளில் சக்கர நாற்காலி ஏறுவதை நான் பார்த்ததே இல்லை.

பிறகு பொழுது. எங்கள் பத்தடிக்கு நாங்கள் போட்டுப் பார்த்த திட்டம் இதுதான்: கடை முகப்பை ஒட்டிய பகுதியும் நடுப்பகுதியும் எப்போதும் காலி, நடப்பதற்கு. ரோட்டை ஒட்டிய ஓரத்தில், பில்லர் பாக்ஸ் நிற்கும் அதே வரிசையில், ஒரு பட்டை. காலையில் இட்லி, பதினொன்று வரை பேல் இறக்கம், மூன்றுக்கு மேல் கட்டில். தரையில் நிறம் மாற்றிய கல்லால் எல்லை தெரிய வேண்டும், கல்லிலேயே எண் பதிக்க வேண்டும், அந்த எண்ணை விற்பனைச் சான்றிதழில் எழுத வேண்டும். ஒரே எண்ணுக்கு இரண்டு சான்றிதழ், வேறு வேறு நேரத்துக்கு. இரு சக்கர வண்டிகள் அந்தப் பட்டையில் நிற்கக் கூடாது. அவற்றுக்குத் தெரு முனையில் இடம், மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை உள்ளே வரத் தடை. இதில்தான் கடைக்காரர்களிடமிருந்து எதிர்ப்பு வரும் என்று எதிர்பார்க்கிறேன். நானே ஒரு கடைக்காரர் மகன், அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் மெட்ரோவில் வந்து நடப்பவர் வாங்குகிறார். வாசலில் நிற்கும் வண்டிகளில் பல கடை ஊழியர்களுடையதும் எங்களைப் போன்ற கடைக்காரர்களுடையதும்தான். அந்த ஒரு வாரத்தில் எனக்கு மிகச் சங்கடமாக இருந்த குறிப்பு அது.

வேலைக் காலம் பற்றி ஒரு வார்த்தை. மாநகராட்சிக் காலண்டரில் நிதியாண்டு முடியும் மார்ச் 31 முக்கியம். தெருவின் காலண்டர் வேறு. ஆடித் தள்ளுபடி முடிந்ததும் தீபாவளிச் சரக்கு, அதோடு வடகிழக்குப் பருவமழை, பின்னாலேயே கிறிஸ்துமஸ், பொங்கல், தைக் கல்யாணங்கள். இப்போதைய வருடங்களில் ரம்ஜான் நோன்பு பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. மண்ணடி, ராயபுரம் பக்கத்துக் குடும்பங்கள் துணி எடுப்பது அப்போதுதான். ஆக மிஞ்சுவது பெருநாள் முடிந்து ஆடி பிறக்கும் வரை உள்ள மூன்றரை, நான்கு மாதம். அதற்குள் ஒரு தெருவை முழுக்கத் தோண்டக் கூடாது. நான்கைந்து கடை நீளத்துக்கு ஒரு துண்டாக எடுத்து, குழாய், கேபிள், வடிகால், தளம் நான்கையும் அதே துண்டில் முடித்துவிட்டுத்தான் அடுத்த துண்டைத் திறக்க வேண்டும். டி.எச். ரோட்டுத் தகரத் தடுப்பை மறக்காதவர்கள் இதற்கு ஒத்துழைப்பார்கள். மழைக்காலத்துக்கு முன் ஒரு டேங்கர் தண்ணீரை ஊற்றிப் பார்த்து, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கடைக்காரர்கள் முன்னிலையில் காட்டிவிட்டுத்தான் ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணை கொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் அன்று ஒரு டேங்கர் ஊற்றியிருந்தால் அப்பாவின் தீபாவளிச் சரக்கு தப்பியிருக்கும்.

இந்த வரைவை எடுத்துக்கொண்டு போன மாதம் விடியற்காலையில் இட்லி அக்காவிடம் போனேன். வெள்ளைத் தாளில் பட்டை, எண், நேரம் எல்லாம் எழுதியிருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு கவனமாகப் பார்த்தார். "ஆறிலேருந்து ஒம்போதுன்னு போட்டுக்கிறியே தம்பி, நான் நாலரைக்கே அடுப்பு வெச்சிடுவேன்" என்றார். திருத்தினேன். "வெள்ளிக்கெழம நான் வர்றதில்ல. அன்னைக்கு அந்த எடத்துல பூக்காரம்மா ஒக்காரும். அத்த எழுதலயே நீ." ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்த எங்கள் நோட்டில், வெள்ளிக்கிழமை காலைக்கு யாரையும் முறை போடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவருடைய பேனாவையே வாங்கி எழுதினேன்: வெள்ளி, காலை, பூ.